‘இது’ன்னா எது?

“‘இது’ன்னா எது, அபின்? அதுக்கு ஒரு பேரு கிடையாதா மக்கா?”

“அந்த நம்பர், டீச்சர்.”

“எந்த நம்பர்? அம்பத்திரண்டா, பதினேழா?”

மூன்றாம் வகுப்பு மொத்தமும் களுக்கென்று சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் ஜெபகுமாரி டீச்சரும் கூடச் சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிப்பு எங்கே வரும்? பள்ளித் தாளாளர் சுந்தரராஜ் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

சும்மா வரவில்லை மனிதர். யாரோ ஒரு பிள்ளையின் அப்பா போய் அவர் காதில் ஓதிவிட்டார். டீச்சர் போர்டில் ஒரு எழுத்து எழுதுவதில்லையாம். பிள்ளைகளே எழுதி, ஒருத்தர் நோட்டை ஒருத்தர் திருத்திக்கொள்கிறார்களாம். பின்னே டீச்சர் எதற்காம்? “நாளைக்கு ஒரு வகுப்பு இருந்து பாக்கேன். பிறகு முடிவு பண்ணுவோம்” என்று நேற்றே சொல்லிவிட்டார் தாளாளர்.

வேலை போனால் கஞ்சிக்குப் பஞ்சம் வந்துவிடாது. செத்துப்போன கணவரின் பென்ஷன் வருகிறது. ஆனால் நெய்யூர் வீட்டில் அவளைத் தவிர ஒரு சுடுகுஞ்சு கிடையாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரேடியோதான் பேசும். அவள் அதற்குப் பதில் சொல்வாள். திங்கட்கிழமை இந்தப் பிள்ளைகள் “குட் மார்னிங் டீச்சர்” என்று இழுத்துப் பாடிய பிறகுதான் அவளுக்கு உயிரே திரும்பும். இவர்களையும் பிடுங்கிக்கொண்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

“சொல்லு மக்கா. சார் ஒண்ணும் கடிக்கமாட்டாரு.”

“ரெண்டுல ஏழு போகாது டீச்சர். அதனால பக்கத்துல போயி ஒண்ணு கடன் வாங்கி...”

“கடனா? எப்ப திருப்பிக் குடுப்ப?”

மறுபடியும் சிரிப்பு. போர்டில் அபினின் சாக்பீஸ் டொக் டொக்கென்று தட்டியது. முன் பெஞ்சிலிருந்து ஜினிஷாவின் குரல் எழுந்தது.

“நான் சொல்லட்டா டீச்சர்? பத்துகள் இடத்துல அஞ்சு பத்து இருக்கு. அதுல ஒரு பத்தை உடைச்சு, பத்து ஒண்ணா மாத்தி, ஒண்ணுகள் இடத்துல இருக்க ரெண்டோட சேக்கேன். பன்னிரண்டு ஆச்சு. பன்னிரண்டுல ஏழு போனா அஞ்சு. மிச்சம் இருக்க நாலு பத்துல ஒரு பத்து போனா மூணு பத்து. விடை முப்பத்தஞ்சு. அபின் அதைத்தான் எழுதியிருக்கான் டீச்சர். அஞ்சு மட்டும் எடதுபக்கமா திரும்பி நிக்குது.”

“கொள்ளாம்!” கடைசி பெஞ்சு கிரீச்சிட்டது. “டீச்சர், நான் கண்ண மூடிட்டுத்தான் கேட்டேன். போர்டைப் பாக்காமலே கணக்கு விளங்குது! மூணாம் கிளாஸ் பிள்ளை இப்பிடித் தெளிவா பேசி நான் கேட்டதே இல்ல. புகார் சொன்னவருட்ட நான் பேசிக்கிடுகேன். அடுத்த வருஷமும் நீங்கதான்.”

ஜெபகுமாரி குரல் வந்த பக்கம் திரும்பினாள். இரண்டு கைகளையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டு, “ரொம்ப நன்றி சார்” என்றாள். செருப்புச் சத்தம் மேசை வரைக்கும் வந்து நின்றது. அப்புறம் பேச்சே இல்லை. வகுப்பிலும் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. என்ன ஆச்சு? திடீரென்று மனதை மாற்றிக்கொண்டாரா?

யாரோ அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்தாள். காதோரம் ஜினிஷா கிசுகிசுத்தாள்.

“டீச்சர், சார் உங்களுக்கு நேர் முன்னால, மேசைக்கு அந்தப் பக்கம் நிக்காரு. அவருக்க பேனாவை உங்களுக்குப் பரிசா தாறதுக்கு நீட்டிட்டு நிக்காரு. நீங்க வலது கைய நேரா நீட்டுனா போதும். பயப்படாதீங்க டீச்சர்... உங்களுக்குக் கண்ணு தெரியாமப் போச்சுன்னு நாங்க ஆருட்டயும் சொல்லல்ல.”