ஒரு சவாரி

“கழுத்தை இறுக்கிப் பிடி. விட்டா மேலெல்லாம் ரத்தம் தெறிக்கும்” என்றாள் அவள், கத்தியைத் துடைத்தபடி.

“பாவம். என்னையே பார்க்குது” என்றான் அவன்.

“உன் அழகைப் பார்த்து மயங்குதாக்கும். பிடிய்யா!”

சேவல் அதற்குள் அவன் கைக்குள் சொக்கிக் கிடந்தது. அவன் தடவிக்கொடுத்தால் எந்தக் கோழியும் துள்ளாது. கறிக்கடைக்காரியின் புருஷனுக்கு இந்த ஒரு வேலைதான் உருப்படியாக வரும். அறுக்கச் சொன்னால் முகம் வெளுத்துவிடும்.

தெருவில் அவனை டிரைவர் என்பார்கள். என்ன வேலை என்று கேட்டவர்களிடம், “ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் விடுறது” என்று அவன் சொன்னதால் வந்த பெயர். வண்டியைத்தான் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில், ஆஸ்பத்திரியில் அவள் அப்பாவின் கட்டிலருகே நின்றிருந்தவன் அவன். அப்பா போய்ச் சேர்ந்ததும் அவள் அழுத அழுகையைப் பார்த்து, வந்த வேலை முடிந்தும் அவனுக்குத் திரும்பிப் போக மனசு வரவில்லையாம். டீ வாங்கி வந்து கொடுத்தான். மழை விடுவதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது.

“இன்னைக்குக் கடையைப் பூட்டிடலாமா? எங்கேயாவது போயிடலாம் வா” என்றான்.

“ஏன், சவாரி எதுவும் இல்லையா?”

“ஒண்ணு இருக்கு. எனக்கு மனசில்லை.”

“உனக்கு மனசில்லேன்னா நான் எதுக்குய்யா கடையைப் பூட்டணும்?”

“பூட்டிட்டு வாயேன். இந்த ஒரு நாள் மட்டும்.”

விடிந்ததிலிருந்து இதே பாட்டு. பல் தேய்க்கும்போது கேட்டான். குளிக்கும்போது கதவைத் தட்டிக் கேட்டான்.

“யோவ், காலங்காத்தால உயிரை எடுக்காதே!”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “நிஜமாத்தான் சொல்றியா?”

“பின்னே, பொய்யா சொல்றேன்? போதும்ப்பா சாமி!”

“சரி” என்றான். பெரிய மூட்டையை இறக்கி வைத்தவன் போலச் சிரித்தான். சேவலைக் கூண்டுக்குள் விட்டுவிட்டான்.

அவனைத் திட்ட அவள் வாயைத் திறந்தபோது, ஷட்டர் தடதடவென்று பாதிவரை இறங்கியது.

உள்ளே நின்றவன் அவளுடைய முதல் புருஷன். அவள் இடது மணிக்கட்டை முறித்தவன். வேறொருவனைக் குத்திவிட்டு ஜெயிலுக்குப் போனவன். சுவரிலிருந்து ஆட்டுத்தொடை மாட்டும் இரும்புக் கொக்கியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

“விவாகரத்து நோட்டீஸை ஜெயிலுக்கே அனுப்புற அளவுக்கு வந்துட்டே. இந்தக் கோழி பிடிக்கிறவனுக்காகவா?”

“வெளியே போ. கத்திக் கூப்பாடு போட்டா தெருவே கூடிடும்.”

“கூடட்டும். உன்னைத் தூக்கிக்கிட்டுப் போக நாலு பேர் வேணுமில்லே?”

டிரைவர் குறுக்கே வந்து நின்றான். கொக்கி அவன் தாடையில் இறங்கியது. அவன் தலைமுடியைப் பிடித்துக் கறி வெட்டும் கட்டையில் முகத்தை மோதினான் வந்தவன். ஒருமுறை. மறுமுறை. பிறகு கீழே தள்ளி விலாவிலேயே மிதித்தான்.

“எங்கேடா உன் வண்டி? டிரைவராமே!”

“திருப்பி அடிய்யா! கை இல்லையா உனக்கு?” என்று அலறினாள் அவள்.

“வேணாம். என் கை பட்டா அவன் தாங்க மாட்டான்” என்றான் டிரைவர், தரையில் கிடந்தபடியே.

வந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “நல்லா பொறுக்கி எடுத்தேடி புருஷனை!”

அந்தச் சிரிப்பிலேயே அவள் கத்தியை வீசினாள். அவன் காதோரம் கிழிந்து ரத்தம் தோளில் வழிந்தது. இரண்டாவது வீச்சுக்கு அவன் இடம் கொடுக்கவில்லை. பழைய மணிக்கட்டையே பிடித்து முறுக்கினான். எலும்பு பழைய இடத்திலேயே உடைந்தது. மறு கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி, அவள் நெஞ்சில் இடப்பக்கம் பிடிவரை இறக்கினான்.

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். சின்ன வயசிலிருந்து ஆடு அறுப்பவள். கத்தி எங்கே இறங்கியிருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். புருஷன் பக்கம் பார்த்தாள். கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று.

டிரைவர் எழுந்து நின்றிருந்தான். ஓங்கிய கொக்கியோடு பாய்ந்தவனின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தான். அடிக்கவில்லை. கோழியை அமர்த்துகிறாற்போல மெல்லத் தடவினான்.

“வா, கிளம்பலாம்” என்றான்.

கொக்கி கீழே விழுந்தது. அதன்மேல் அவன் விழுந்தான். கண்கள் திறந்தபடியே இருந்தன. மூச்சு இல்லை.

டிரைவர் அவளருகில் வந்து மண்டியிட்டான். அவன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கத்தியை உருவிப் போட்டான். ரத்தம் அவள் மடியை நனைத்துத் தரையில் ஓடி, தண்ணீர் போகும் ஓட்டையைத் தேடிப் போனது.

அவள் காத்திருந்தாள். கண் இருட்டவில்லை. மூச்சு வந்துகொண்டேயிருந்தது. கூண்டுக்குள் சேவல் கூவியது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

“யோவ்... நான் ஏன்யா இன்னும் சாகலை?”

அவள் கன்னத்தில் தெறித்திருந்த ரத்தத்தை அவன் தன் சட்டை நுனியால் துடைத்தான்.

“காலையில நீதானே சொன்னே, உயிரை எடுக்காதேன்னு!”