சூடு தாங்கும் கறுப்பு

கணவரின் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் மூடியோடு பரந்தன் சந்திப் பெயின்ட் பட்டறைக்கு வந்தாள் விமலேஸ்வரி.

“என்ன நிறம் அடிக்க, அக்கா?” என்றான் மஸாஹிர்.

“எதெண்டாலும் சரி, தம்பி. கை பட்டு உரியக்கூடாது. இந்த மேடான எழுத்துகளும் மறையக்கூடாது.”

மஸாஹிருக்குச் சிரிப்பு வந்தது. “நிறத்துக்குத்தான் எல்லாரும் என்னோட சண்டை பிடிக்கிறவை. எஞ்சின் சுட்டால் சாதாரணப் பெயின்ட் நிக்காது. அண்ணர் இந்த வண்டியை ஓடுறவரோ?”

“இல்லை. சாதாரணப் பெயின்ட்டே போதும்.”

“ஓடாத வண்டிக்கு ஏன் இவ்வளவு பாடு?”

“கிணத்துக்கு வெடி வைக்கேக்க அவருக்கு ரெண்டு கண்ணும் போச்சுது. பின்னேரத்தில இந்த எழுத்துகளைத்தான் தடவிக்கொண்டு இருப்பார்.”

மஸாஹிர் கையிலெடுத்த சாதாரணப் பெயின்ட்டை வைத்துவிட்டு, சூடு தாங்கும் கறுப்பை எடுத்தான்.

“அது எதுக்கு, தம்பி?”

“நான் வீட்டுக்கு வந்து மூடியைப் பூட்டி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணித் தாறன், அக்கா. அண்ணர் சத்தத்தையாவது கேக்கட்டும்.”