எங்க தண்ணிதான் மோசம்

"ஒரு ஊருக்குத்தான் அரசாங்க மானியம். யார் தண்ணி ரொம்ப மோசமோ, அவங்களுக்குத்தான் புதுக் குழாய்," என்றார் அதிகாரி.

ஆற்றுக்கு இக்கரை ஊரின் தலைவர், கொண்டுவந்த பாட்டிலை நன்றாகக் குலுக்கி மேசையில் வைத்தார். "பாருங்க சார், டீத்தூள் போடாமலே டீ நிறம்."

"எங்களுது நாறும் சார். மூடியத் திறந்து பாருங்க," என்றார் அக்கரைத் தலைவர்.

"எங்க தண்ணிய மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடும்," என்றார் இக்கரைத் தலைவர்.

அதிகாரிக்குத் தலை வலித்தது. "யாராவது ஒருத்தர் விட்டுக்குடுங்களேன்."

அக்கரைத் தலைவர் பெருமூச்சு விட்டார். "சரி சார், ஒத்துக்கறேன். இவர் ஊர்த் தண்ணிதான் ரொம்ப மோசம்."

இக்கரைத் தலைவரின் முகம் மலர்ந்தது.

"அதனால," என்று தொடர்ந்தார் அக்கரைத் தலைவர், "பிரசவத்துக்கு வந்த என் பொண்ணு எங்களோடயே இருக்கட்டும். பச்சக் குழந்தைய வச்சுக்கிட்டு அந்தத் தண்ணியில எப்படி? என்ன சம்பந்தி, சரிதானே?"

இக்கரைத் தலைவர், தானே குலுக்கிவைத்த பாட்டிலை எடுத்து, மடக் மடக்கென்று பாதியைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க தண்ணிக்கு என்ன கொறச்சல்? தேனாட்டம் இருக்கு. பேரன எப்ப அனுப்பறீங்க?"

அதிகாரி அக்கரை ஊருக்குக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அக்கரைத் தலைவர் சம்பந்தியின் தோளில் கைபோட்டார்.

"நாளைக்கே அனுப்பறேன். குழாய் வர்ற வரைக்கும் காய்ச்சிக் குடுங்க, வந்ததும் தினம் ரெண்டு குடம் நானே குடுத்து விடறேன். இப்ப வாங்க, மொதல்ல டாக்டரப் பாப்போம்."