பத்து மணி மாத்திரை

"பாதி போதும்ணே. முழுசாக் கூடக் கேக்கல. பாதி."

பெயின்டர் மூன்றாவது முறையாகக் கேட்டான். டெய்லர் தலையைத் தூக்கவே இல்லை. கோணலாகத் தைத்துவிட்ட காலரைப் பிளேடால் பிரித்துக்கொண்டே, "டாக்டர் எழுதினது ஒண்ணு. அது பத்து மணிக்கு. இப்ப மணி ஒன்பதே கால்" என்றார்.

பக்கத்தில் காஜா எடுத்துக்கொண்டிருந்த டெய்லரின் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கமாக மதியச் சாப்பாட்டுக்கு மேல்தான் அவள் கடைக்கு வருவாள். நாளைக்குள் நாற்பது யூனிஃபார்ம் சட்டைகளைக் கொடுத்தாக வேண்டும் என்பதால் இன்று காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் சட்டை மட்டும் தைக்கவில்லை, அடுத்தவன் மாத்திரைக்குக் காவலும் இருக்கிறார் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

விசாரித்ததில் கதை இவ்வளவுதான். பெயின்டர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது கொடுத்த வலி மாத்திரை. எலும்பு கூடி எட்டு மாதம் ஆகிவிட்டது, மாத்திரைதான் ஆளை விடவில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் படிப்படியாகக் குறைத்தார். இவன் இரண்டு வாரத்துக்கானதை நாலே நாளில் தீர்த்துவிட்டு, பேச்சுமூச்சில்லாமல் கிடக்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அதனால் இந்தத் தடவை மாத்திரை வேறொருவர் கையில் இருக்க வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு.

"அந்த வேறொருத்தர் நீங்கதானா கிடைச்சீங்க? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு" என்று அவள் முணுமுணுத்தாள்.

பெயின்டர் காதில் எதுவும் ஏறவில்லை. இரண்டாக இருந்ததை டாக்டர் நேற்றுதான் ஒன்றாக்கியிருந்தார். மூக்கு ஒழுகியது, கையெல்லாம் புல்லரித்திருந்தது, கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. நிமிடத்துக்கு ஒரு கொட்டாவி. அதைப் பார்த்து டெய்லருக்கும் கொட்டாவி வந்தது. கொட்டாவி எப்போதுமே தொற்றுவியாதி.

மாடிப்படி சீலிங் இன்றைக்கு முடித்தாக வேண்டும், இந்தக் காலை வைத்துக்கொண்டு ஏணி ஏற முடியாது என்று அவன் புலம்பினான். அப்படியானால் ஏறாதே, கீழே நின்று கதவுக்கு அடி, சீலிங் எங்கும் ஓடிப்போகாது என்றார் டெய்லர். கால் குடைச்சலுக்கு வெந்நீர் ஊற்றச் சொன்னார். மூன்று நாள் உயிர் போகும், நாலாம் நாள் கொஞ்சம் லேசாகும் என்றார். டாக்டரிடம் நன்றாகக் கேட்டு வைத்திருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதே முக்காலுக்கு டெய்லர், நீல நூல் தீர்ந்துவிட்டது, போய் வாங்கி வா என்றார். டப்பாவில் ஆறு கண்டு இருப்பதை அவள் காட்டினாள். பிறகு பட்டன் வேண்டும் என்றார். பிறகு டீ வேண்டும் என்றார். அவள் இடித்து வைத்த புளி மாதிரி அசையாமல் இருந்தாள். அவள் அந்தப் பக்கம் போனால் இந்த மனுஷன் இளகிப்போய்ப் பாதியைக் கொடுத்துவிடுவார். இன்றைக்குப் பாதி, நாளைக்கு முழுசு என்று போய் அவன் மறுபடி சாய்ந்தால் யார் பதில் சொல்வது?

"பேசாம டிராயர் சாவியை என்கிட்ட கொடுத்துருங்கண்ணே. இனிமே நானே ஒழுங்கா எடுத்துக்கறேன்."

"நல்லாருக்கே, பாலுக்குப் பூனை காவலா?" என்றாள் அவள்.

பெயின்டர் முகம் சுருங்கிப்போனது. டெய்லர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு முதல் முறையாக நிமிர்ந்தார். "அப்படிச் சொல்லாதே. அவன்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

"இருந்தா எதுக்குப் பூட்டி வச்சிருக்கீங்க?"

அவர் மறுபடி காலருக்குக் குனிந்துகொண்டார்.

பத்தடித்தது. டெய்லர் டிராயரைத் திறந்து, மஞ்சள் மாத்திரைப் பட்டையிலிருந்து ஒன்றே ஒன்றைப் பிதுக்கி அவன் உள்ளங்கையில் வைத்தார். மறுபடி பூட்டினார். அவன் பாதியைப் பற்றிப் பேசாமல் தண்ணீரை ஊற்றி விழுங்கினான். கண் கலங்கியிருந்தது. அவளுக்கே பாவமாகப் போய்விட்டது.

"சரி, நீ கிளம்பு" என்றார் டெய்லர் அவசரமாக. கண்ணால் ஏதோ ஜாடையும் காட்டினார். அவனுக்குப் புரியவில்லை.

"என்னண்ணே, அதுக்குள்ள கிளம்பச் சொல்றீங்க?" என்றபடி சட்டைப் பைக்குள் கையை விட்டு, அதே மாதிரி மஞ்சள் மாத்திரைப் பட்டை இன்னொன்றை எடுத்தான். ஒன்றைப் பிதுக்கி டெய்லர் கையில் வைத்தான். "உங்களுக்கும் நேத்துதானே குறைச்சாரு. கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணுக்கு மேல நானும் தர மாட்டேன்."

அவள் கையில் ஊசி நின்றுவிட்டது. முதுகு ஆபரேஷனுக்குக் கொடுத்த மாத்திரையைப் போன வருஷமே விட்டுவிட்டதாகச் சொல்லியிருந்த வீட்டுக்காரர், அவள் முகத்தைப் பார்க்காமல் அதை விழுங்கினார்.

"அண்ணனோடது மிச்சம் பதிமூணு இருக்கு அண்ணி. வேணும்னா எண்ணிப் பாத்துக்குங்க" என்று பெயின்டர் பட்டையை அவளிடம் நீட்டினான்.

அவள் எண்ணவில்லை. முக்கால் மணி நேரமாகப் பாதி மாத்திரைக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தவனின் சட்டைப் பையிலேயே அவ்வளவும் இருந்திருக்கிறது.