அடுத்த வருஷத்துத் தோட்டம்

இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியதில் மனம் வெறுத்து, ராக்கையா பெரியகுளம் போய்ப் பட்டாளத்தில் சேரக் கைநாட்டு வைத்துவிட்டு வந்தான். பத்து நாளாகியும் மனைவி கஸ்தூரியம்மாளிடம் அதைச் சொல்லவில்லை. மலையடியில் இருந்த தங்கள் கோம்பைக் காட்டில் இருவரும் கடலைக்குக் களை வெட்டும்போது, அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது.

கஸ்தூரியம்மாளோ அடுத்த வருஷத்தைப் பற்றியே பேசினாள்.

“இனிமே உப்பைத் தவிர எதுக்கும் கடைக்குப் போகக் கூடாதுங்க. யுத்தம் எப்ப முடியுமோ! வீட்டுக்குப் பின்னால கேப்பையும் மொச்சையும் போடணும். ரெண்டு வெள்ளாடு போதும்.”

“பசு வாங்கணும்னு ஆசைப்பட்டியே?”

“வேணாம். உழவு மாட்டையும் வித்துருவோம். காட்டை யாருக்காச்சும் வாரத்துக்கு விட்டுட்டு, மம்பட்டியில கொத்துற அளவு மட்டும் வச்சுக்கிடலாம். ஏத்தம் எறைக்க ரெண்டு ஆளு வேணும். வாளியில மோந்து ஊத்திக்கிட்டாப் போச்சு.”

இவ்வளவு யோசித்து வைத்திருப்பவளிடம் எப்படிச் சொல்வது? நெஞ்சு உறுத்த, பேச்சை வளர்த்தான்.

“ஏன் புள்ள எல்லாத்தையும் இப்பிடிச் சுருக்குற? நம்ம ரெண்டு பேருக்கு இது காணுமா?”

அவள் நிமிரவில்லை.

“ஒத்தையாளுக்குக் காணும்ல?”

ராக்கையா அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

“பட்டாளத்து ஆபீஸ்லருந்து உங்களப் பத்தி விசாரிச்சு கிராம முன்சீப்புக்கு எழுதியிருந்தாகளாம். தலையாரி வந்து சொல்லிட்டுப் போயி எட்டு நாளாச்சு” என்றாள் கஸ்தூரியம்மாள். “நீங்களாச் சொல்லுவீகன்னுதான் தினமும் பேச்சுக் குடுத்துப் பாத்தேன்.”