காளிதாஸ் வண்டியில் முனியாண்டி

"லயத்துல உள்ளவனுகதான் எடுத்திருப்பானுக. வேற யாரு வரப்போறா?"

லயத்து வரிசை வீடுகளில் தன்னோடு குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்களைக் காளிதாஸ் இப்படிச் சொல்வது இது மூன்றாவது தடவை. முதலில் ஜாக்கி போனது. அப்புறம் பெட்டரி. இப்போது ஸ்பேர் டயர்.

வண்டி என்றால் சும்மா வண்டி இல்லை. முதுகில் ஒரு வீட்டையே சுமக்கிற பிக்கப். கைப்பிடியைச் சுழற்றினால் கூரை மேலே எழும்பும்; உள்ளே கட்டில், அடுப்பு, சின்னதாய் ஓர் அலுமாரி. சிங்கராஜக் காட்டில் பறவை பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊர் திரும்பும்போது தன் டிரைவர் காளிதாஸுக்கே அதை மலிவாகத் தள்ளிவிட்டுப் போனார். கலவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. கூரை எழும்பும் போதெல்லாம் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

அவன் அதை வாங்கியது மனைவி ராகினிக்காக. அவள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகள் எல்லாம் பகல் முழுக்க அவள் மடியில்தான். கல்யாணமான நாளிலிருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடற்கரையில் வண்டியைப் போட்டுவிட்டுத் தமிழன் நிம்மதியாகத் தூங்கக்கூடிய காலமா அது? இப்போதுதான் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடக்கிறது; செக் பொயின்ட் எல்லாம் எடுத்துவிட்டார்கள். சித்திரை வருஷப்பிறப்புக்கு அவளுக்கு லீவும் கிடைத்துவிட்டது. அதுவரை வண்டி மிஞ்ச வேண்டுமே.

லயம் வரைக்கும் பாதை இல்லாததால் வண்டியைப் பிள்ளைக்காம்பரா முற்றத்தில்தான் நிறுத்த வேண்டும். சங்கிலி போட்டான். பூட்டு மேல் பூட்டுப் போட்டான். பிக்கப்பின் மேல் அந்த வீடு நாலே நாலு போல்ட்டில்தான் நிற்கிறது, அதைக் கழற்றினால் வீட்டோடு தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று புலம்பினான்.

"நம்ம ஆளுக அப்பிடிச் செய்ய மாட்டாங்க. கீழ ரோட்டுல இருந்து யாராச்சும் வந்திருப்பாங்க" என்றாள் ராகினி.

"ஒனக்கு எல்லாரும் நல்லவங்கதான்."

அன்று மாலை எங்கேயோ போனவன், சூலம் என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்குச் சிவப்புத் துணி சுற்றி, குங்குமம் அப்பி, எலுமிச்சம்பழம் குத்தி வண்டியின் முன்னால் கட்டினான். முனியாண்டி கனவில் வந்து, இனிமேல் இந்த வண்டியில்தான் குடியிருப்பேன் என்று சொன்னதாக லயம் பூராவும் சொல்லிவிட்டு வந்தான்.

ராகினிக்குப் பிடிக்கவில்லை. "சாமி பேர்ல பொய் சொல்லாதீங்க."

"பேசாம இரு புள்ள. இவனுக பூட்டுக்குப் பயப்பட மாட்டானுக, முனிக்குப் பயப்படுவானுக."

பலன் அன்றைக்கே தெரிந்தது. இருட்டியதும் லயத்துக் காத்தமுத்து வந்து கற்பூரம் கொளுத்தினான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வண்டி ஓரமாகவே படுத்துவிட்டான். கேட்டதற்கு, நேர்த்திக்கடன் என்றான். மறுநாள், கொழுந்து பறிக்கும் சுமித்ராவின் புருஷன். அதற்கடுத்த நாள் இன்னொருவன். மழை கொட்டினாலும் யாராவது ஒருவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தார்.

காளிதாஸ் வீட்டுக்குள் விழுந்து விழுந்து சிரித்தான். இப்படிப்பட்ட முட்டாள்களோடு பிறந்து வளர்ந்ததை நினைத்துக் கொஞ்சம் வெட்கமும் பட்டான். அதன் பிறகு ஒரு திருகாணிகூடக் காணாமல் போகவில்லை.

வருஷப்பிறப்பும் வந்தது. ராகினி புதுச்சேலை கட்டிக்கொண்டு, விடியும் முன்பே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். காளிதாஸ் சாவியைத் திருகப் போனபோது பார்த்தால், லயமே முற்றத்தில் திரண்டு நிற்கிறது. தப்பு அடிக்கிறவர்கள்கூட வந்திருந்தார்கள்.

சாமியை எங்கே கொண்டுபோகிறாய் என்று மறித்தால் என்ன சொல்வது? பொய் என்று சொன்னால் உதைதான் விழும். இறங்கிப் போய்க் கும்பிடு போட்டான்.

"சாமி கடல்ல தீர்த்தமாடணும்னு நேத்து கனவுல..."

"அத வுடு காளி" என்றான் காத்தமுத்து. பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சுமித்ரா முன்னால் வந்து, ராகினியின் மடியில் ஒரு சுடு ரொட்டிப் பொட்டலத்தை வைத்தாள். "லீவு முடியிற மட்டும் காம்பராவ நான் பாத்துக்கிறேங்க்கா. நீங்க ஆசை தீரக் கடலப் பாத்துட்டு வாங்க."

காளிதாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப முனியாண்டி... நேர்த்திக்கடன்..."

"முனியாண்டி மலை உச்சியில அவரு கோயில்லதான் இருக்காரு" என்றான் காத்தமுத்து. "எங்க புள்ளைகள ராகினி தங்கச்சி கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்குது. அது கடலுக்குப் போற வண்டிய நாங்க பாத்துக்க மாட்டமா? காவல் இருக்கோம்னா நீ எங்களையே சந்தேகப்படுவ. அதான் கற்பூரத்தோட வந்தோம்."

காளிதாஸ் தலை தானாகக் குனிந்தது. ராகினி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"பொய்யின்னு எப்பிடிண்ணே தெரியும்?" என்று கேட்டான் காளிதாஸ்.

காத்தமுத்து வண்டியின் முன்னால் போய்க் கட்டை அவிழ்த்து, சூலத்தை எடுத்தான். சிவப்புத் துணியை மெதுவாக உரித்தான். உள்ளே இருந்தது மூன்று பல் உள்ள, மண் கிளறுகிற தோட்டத்து முள்ளு.

"எங்க வீட்டுச் சுவத்துல சாத்தி வெச்ச முள்ளு எனக்குத் தெரியாதா? தொலைச்சுப்புட்டேன்னு கணக்கப்புள்ளைகிட்ட இத்தன நாளா ஏச்சு வாங்கிக்கிட்டிருக்கேன். கடலுக்குப் போறவனுக்கு இது எதுக்கு, குடுத்துட்டுப் போ."