மணல் கடைசியாகப் பார்த்த வெயில்

தேரியில், இந்தச் செம்மணல் மேடுகளில், ஒவ்வொரு மணற்புயலும் ஓர் அடுக்கை விட்டுப்போகிறது. மணல் கடைசியாக வெயில் பார்த்துப் புதைந்த நேரத்தை இயந்திரம் சொல்லிவிடும்; அந்தத் தேதியையே அடுக்குக்குப் பெயராக எழுதுவது என் வேலை. மறுபடி வெயில் பட்டால் மணல் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

ஓர் அடுக்குக்கு மட்டும் பெயரில்லை. புயலில் புதைந்துபோன கணவரைத் தேடி சுயம்புக்கனி அக்கா ஆள்வைத்துத் தோண்டியதில் அது கலைந்துவிட்டது. கிடைத்த உடலின் சட்டைப்பையில் இருந்த மணலைத்தான் அக்கா இப்போது பாட்டிலில், கறுப்புத் துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

இருட்டறைக்குள் வைத்துப் பிரித்து, மணலை இயந்திரத்தில் இட்டேன். வெளியே அக்கா குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மூன்று தடவை கதவைத் தட்டினார்.

“எந்தப் புயல்ல போனாகன்னு தேதி தெரியாம மூணு வருசமா ஆடி அமாவாசைக்குத்தான் திதி குடுக்கேன். சீக்கிரம் சொல்லுங்க சார்!”

வெளியே வந்தேன். “இன்னைக்குக் காலையில ஏழு மணின்னு காட்டுதுக்கா.”

நடை நின்றது. “அது நான் பஸ்ஸுக்குக் கிளம்பையில துணி சுத்துன நேரம்லா?”

“அதுவரைக்கும் எங்க வச்சிருந்தீங்க?”

“பகல்ல ஜன்னல் வெயில்ல. ராத்திரி விளக்குக்கு முன்னால.”

பாட்டிலை வாங்கி மறுபடி துணியைச் சுற்றப் போனவர், சுற்றாமல் நிறுத்தினார்.

“அவுகளுக்கு இருட்டுன்னா பயம் சார்.”